ஒற்றைத் தலையிடிக்குத் தடுப்பு மருந்து: எதை எடுப்பது, எதை விடுவது?

மாதத்தில் நாலு நாளோ அதற்கு மேலோ ஒற்றைத் தலையிடி வந்து படுக்கையில் போடுகிறதென்றால், அல்லது நாட்கள் குறைவாக இருந்தாலும் வருகிற ஒவ்வொரு முறையும் வயல், சமையல், பிள்ளை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இருட்டறையில் கிடக்க வேண்டியிருக்கிறதென்றால், வந்த பிறகு பனடோல் விழுங்குவது மட்டும் போதாது. வராமல் தடுப்பதற்கென்று மருந்து இருக்கிறது. தலையிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுப்பது அது. அதைப் பற்றிக் கேட்காமலே வருடக்கணக்காக இழுபடுகிற ஆட்கள் வன்னியில் நிறையப் பேர். ஓ.பி.டி.யில் போய் "தலையிடி டொக்டர்" என்று இரண்டு சொல்லில் முடித்தால் பனடோலோடு வீட்டுக்கு வரவேண்டியதுதான். "மாதத்தில ஆறேழு நாள் வருது, ஒரு பக்கம் விண்விண் எண்டு இடிக்குது, சத்தி வருது, வெளிச்சம் பார்க்க ஏலாது, அண்டைக்கு வேலை இல்லை" என்று சொன்னால்தான் கதை வேறு பக்கம் திரும்பும்.

சரி, தடுப்பு மருந்து என்று முடிவெடுத்தால் எது? எல்லோரும் "எது திறமான மருந்து" என்றுதான் கேட்கிறார்கள். பழைய தடுப்பு மருந்துகளுக்குள் பலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவற்றில் ஒன்றான டொபிரமேற் என்ற குளிசையை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகளில் அதை எடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தலையிடி பாதியாகவோ அதற்குக் கீழாகவோ குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் குளிசை எடுத்தவர்களிலும் நாலில் ஒருவர் அளவுக்கு அப்படிக் குறைந்தது. மற்ற மருந்துகளும் இதற்குக் கிட்டத்தட்டத்தான் நிற்கின்றன. ஆகவே தெரிவு செய்ய வேண்டியது வேறு இடத்திலிருந்து: உங்களுக்கு வேறு என்ன வருத்தம் இருக்கிறது, என்ன வேலை செய்கிறீர்கள், பிள்ளை பெறும் வயதா, இந்த மருந்து மாதாமாதம் தடைப்படாமல் உங்கள் கைக்கு வருமா. இந்த நாலுக்கும் பதில் சொன்னால் பட்டியலில் பாதி தானாகவே அடிபட்டுப் போய்விடும்.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்ப வேண்டாம். இந்தப் பழைய குளிசைகளில் ஒன்றுகூட ஒற்றைத் தலையிடிக்கென்று கண்டுபிடிக்கப்பட்டது இல்லை. ஒன்று இதயத்துக்கு, ஒன்று மனச்சோர்வுக்கு, ஒன்று வலிப்புக்கு, ஒன்று பிரஷருக்கு வந்தது. வேறு வருத்தத்துக்குக் கொடுத்தபோது தலையிடியும் குறைந்ததைக் கண்டுதான் சிலவற்றை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள்.

புரோப்பிரனலோல் அப்படித்தான் வந்தது. நெஞ்சுநோவுக்கு இதை எடுத்த ஆட்களுக்குத் தலையிடியும் குறைந்தது 1966 இல் பதிவானது. இதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988 இல் நோபல் பரிசு கிடைத்தது. மிகப் பழைய, மலிவான குளிசை. என்னைக் கேட்டால், எடுக்கக்கூடிய உடம்பு என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சிறிய அளவில் தொடங்கி, நாடித்துடிப்பையும் பிரஷரையும் பார்த்துப் பார்த்து ஒரு நாளைக்கு 80 முதல் 160 மில்லிகிராம் வரை கூட்டுவார்கள், சிலருக்கு அதற்கு மேலும் போகும். பிரஷரும் இருக்கிறதென்றால் ஒரு குளிசையில் இரண்டு வேலை. கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு உள்ளவர்களுக்கும் அதுவும் சேர்ந்து அடங்கும்.

ஆனால் தொய்வு, முட்டு உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சின்ன வயதில் முட்டு இருந்து இப்போது இல்லை என்றாலும் டொக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும், அறுவடைத் தூசிக்கு மட்டும் இழுக்கிறதென்றாலும் சொல்ல வேண்டும். சூடடிக்கிற காலத்தில் மெசின் பக்கம் நின்றால் மூச்சு இழுப்பவர்கள் அதைத் தடிமன் என்று தள்ளிவிடுவார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. சீனி இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இது மறைத்துவிடும், சீனி இறங்கியது தெரியாமலே மயங்கி விழலாம். களைப்பு வரும், கைகால் குளிரும், மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்கு முதல் கிழமைகளில் மேடு ஏறுவதே பாரமாகத் தெரியும். கனவு அதிகமாகவும் தெளிவாகவும் வரலாம். மற்ற இடங்களில் இதைச் சின்ன விஷயமாக எழுதிவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கம் இரவில் திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அவர்கள் இந்த ஒன்றை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

இதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இதயத் துடிப்பு எகிறும், நெஞ்சு வருத்தம் உள்ளவருக்கு ஆபத்து. 2022 இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கிளினிக்கில் "இந்த மாதம் இல்லை, வெளியில எடுங்கோ" என்று எழுதித் தந்தால் அன்றைக்கே ஒசுசலவிலோ வேறு பாமசியிலோ எடுத்துவிட வேண்டும், அடுத்த மாதம் வரட்டும் பார்ப்போம் என்று விடுகிற குளிசை இல்லை இது.

அடுத்தது அமிற்றிப்டிலின். நித்திரை இல்லாமல் தலையிடிக்கிறவர்களுக்கு, கழுத்தும் தோளும் சேர்ந்து இறுகிப் பிடிக்கிறவர்களுக்கு இது புரோப்பிரனலோலை விடப் பொருந்தும். இரவில் ஒன்று, 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்ல 50 வரைக்கும், சிலருக்கு 75 வரைக்கும். வாய் காயும், மலச்சிக்கல் வரும், உடம்பு வைக்கும், காலையில் தலை தூக்கமாக இருக்கும். படுக்கிற நேரத்தில் எடுக்காமல் இரண்டு மணித்தியாலம் முந்தி எடுத்தால் காலைத் தூக்கம் கொஞ்சம் குறையும். விடிய முன்னமே கடலுக்கு இறங்குகிறவர்களும் ஏ9 இல் அதிகாலையில் பஸ், லொறி ஓட்டுகிறவர்களும் முதல் கிழமை இதை வேலை இல்லாத நாட்களில் தொடங்குவது நல்லது. வயதான ஆண்களுக்குச் சலம் போவது தடைப்படலாம். கண்ணில் அழுத்தம் இருக்கிறவர்களும் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களும் முதலே சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத்தையே நிறுத்தக்கூடிய குளிசை என்பதால், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சாமித்தட்டுப் பக்கம் திறந்த உறையில் வைக்கிற பழக்கம் இதற்குச் சரிவராது.

இதன் பெரிய எதிரி ஊர்க்கதை. என் மச்சாள் ஒருத்திக்கு இதை எழுதிக் கொடுத்தார்கள். ஒருமுறை வெளியில் வாங்கப் போன இடத்தில், கவுண்டரில் நின்ற பெடியன், "அக்கா, இது மனவருத்தக்காரருக்குக் குடுக்கிறதெல்லோ, உங்களுக்கோ?" என்று கேட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து கடதாசி உறையை அப்படியே அலுமாரிக்குள் போட்டுவிட்டாள். அடுத்த கிளினிக்கில் கொப்பியைப் புரட்டிய டொக்டர், "தங்கச்சி, மனச்சோர்வுக்கு நாங்கள் 75, 100, 150 எண்டு குடுக்கிறம். உங்களுக்குத் தந்தது 10. நரம்பு நோவை உணர்கிறதைக் கொஞ்சம் தணிக்கத்தான் இது" என்று விளங்கப்படுத்திய பிறகுதான் எடுக்கத் தொடங்கினாள். அந்த ஒரு மாதம் சும்மா போனது. மனச்சோர்வும் கூடவே இருக்கிறதென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அளவை அதற்கேற்ப வைப்பார்கள், அல்லது வேறு மருந்துக்குப் போவார்கள்.

டொபிரமேற்றுக்கும் இதே கதைதான், "வலிப்புக் குளிசை" என்ற பெயரால். கலியாணம் பேசுகிற வயதுப் பெட்டையின் கைப்பையில் வலிப்புக் குளிசை இருந்ததாக யாராவது கண்டால் என்னென்ன பேச்சு வரும் என்று தாய்மார் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வயதில் யோசிக்க வேண்டிய காரணம் அது இல்லை. கர்ப்பத்தில் எடுத்தால் பிள்ளைக்கு உதடு, அண்ணம் பிளவுபடும் வாய்ப்புக் கூடுகிறது. பிரித்தானியாவில் 2024 ஜூனிலிருந்து பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பத் தடுப்பு ஏற்பாடு இல்லாமல் இதைக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு? கிழமைக்கு 25 ஆகக் கூட்டி 100 மில்லிகிராம் வரை போவது வழக்கம். உடம்பு மெலியும், அதனால் பாரம் கூடினவர்களுக்கு இது பிடிக்கும். விரல் நுனியில் விறுவிறுப்பு வரும், சோடா குடித்தால் ருசியே இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போது சொல் வராமல் நிற்பதுதான் ஆட்களைக் கைவிட வைக்கிறது, கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற ரீச்சருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வன்னிக்கு இன்னும் இரண்டு கவலை. இது சிறுநீரகத்தில் கல் உண்டாக்கும், எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கேத்தல் அடியில் வெள்ளையாகப் படியும் சவர்த்தண்ணீர், ஏற்கெனவே கல் வந்தவர்கள் குறைவில்லை. வியர்வையையும் குறைக்கும், குறிப்பாகப் பிள்ளைகளில், சித்திரை வைகாசி வெயிலில் உடம்பு சூடேறினால் தணிய வழியில்லாமல் போகும். எடுத்த முதல் மாதத்தில் கண் திடீரென்று நோவெடுத்துப் பார்வை மங்கினால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வல்புரோயேற் என்ற இன்னொரு வலிப்புக் குளிசை பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வேலை செய்யும். ஆனால் கர்ப்பத்தில் எடுத்தால் பத்தில் ஒரு பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு, பத்தில் மூன்று நாலு பிள்ளைகளுக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் பாதிப்பு. பிள்ளை பெறக்கூடிய பெண்ணுக்குத் தலையிடிக்காக இதைத் தொடவே வேண்டாம். வலிப்புக்கு ஏற்கெனவே எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது, அது வேறு கணக்கு, டொக்டரோடு பேச வேண்டும்.

எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனையாகப் பிடித்த மருந்து கண்டிசாட்டன். பிரஷர் குளிசைதான். நோர்வேயில் செய்து 2014 இல் வெளியான ஆய்வில் 16 மில்லிகிராம் கண்டிசாட்டனும் 160 மில்லிகிராம் புரோப்பிரனலோலும் ஒரே அளவுக்குத் தலையிடியைக் குறைத்தன. முட்டு உள்ளவரும் எடுக்கலாம், உடம்பு வைக்காது, நித்திரை தூங்காது, சொல் மறக்காது. தலைச்சுற்று வரும், பிரஷர் ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்குச் சரிவராது, கர்ப்பத்தில் கூடாது, சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இரத்தம் சோதித்துச் சோதித்துத்தான் கொடுப்பார்கள். பிரஷர் கிளினிக்கில் கைக்கு வருவது பெரும்பாலும் லொசாட்டன். "அதுவும் இதுவும் ஒரே இனம்தானே" என்று கேட்பீர்கள், இனம் ஒன்றுதான், தலையிடிக்கான ஆய்வுகள் அதிகம் இருப்பது கண்டிசாட்டனுக்கு. புரோப்பிரனலோலும் அமிற்றிப்டிலினும் முடியாமல் போனால் இதைப் பெயர் சொல்லியே கேட்கலாம்.

புளூனரிசின் இன்னொரு தடுப்புக் குளிசை, இரவில் 5 அல்லது 10 மில்லிகிராம். நன்றாகக் கேட்கிறவர்களுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் உடம்பு வைக்கும், மனச்சோர்வைக் கிளப்பும், வயதானவர்களுக்கு நீண்ட காலம் கொடுத்தால் கைநடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம். முந்தி மனச்சோர்வு வந்தவர்களுக்கு வேண்டாம். மற்றவர்களும் மாதக்கணக்கில் தாங்களாகவே வாங்கி நீட்டிக்கொண்டு போகக் கூடாது.

இனி வெளிநாட்டு ஊசிக் கதை. கனடாவிலோ சுவிசிலோ இருக்கிற அண்ணன் போனில் "இஞ்ச மாதம் ஒரு ஊசிதான் போடினம், எல்லாம் நிண்டிட்டுது" என்று சொன்னது பொய்யில்லை. இவை ஒற்றைத் தலையிடிக்கென்றே செய்யப்பட்ட தடுப்பு மருந்துகள். தலையிடி நேரத்தில் உடம்பில் கூடுகிற சீ.ஜீ.ஆர்.பி. என்ற புரதத்தை அடக்கும் ஊசிகள், முதலாவதான எரெனுமாப் 2018 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜேர்மனியில் 777 பேரை வைத்து அதையும் டொபிரமேற்றையும் ஒப்பிட்டபோது, பக்கவிளைவு தாங்காமல் டொபிரமேற்றை விட்டவர்கள் ஏறத்தாழ 39 வீதம், ஊசியை விட்டவர்கள் ஏறத்தாழ 11 வீதம். தலையிடி பாதியாகக் குறைந்தவர்களும் ஊசிப் பக்கம்தான் அதிகம். 2024 இல் அமெரிக்கத் தலைவலிச் சங்கம், பழைய குளிசைகளை முதலில் பார்த்துத் தோற்க வேண்டும் என்றில்லை, இதையே முதலிலும் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் 2018 இல் எரெனுமாப் வந்தபோது அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை மாதத்துக்கு 575 டொலர். வைக்க வேண்டியது 2 முதல் 8 பாகை குளிரில். அண்ணன் சூட்கேசுக்குள் வைத்துக் கொண்டுவந்து, கட்டுநாயக்காவிலிருந்து வான் பிடித்து மாங்குளம் வந்து சேர்வதற்குள் அந்த ஊசி என்ன பாடுபடும் என்று யோசியுங்கள், பிறகு கரண்ட் போகிற வீட்டுப் பிரிட்ஜ். போட்டு நல்லாக வந்தாலும் மாதாமாதம் அனுப்ப ஏலுமா? ஏலாதென்றால் தொடங்காமல் இருப்பதே நல்லது.

அதற்குப் பதில் பார்சலில் அனுப்பச் சொல்வதென்றால் ரைபோபிளேவின் (விற்றமின் பி2) அனுப்பச் சொல்லலாம், ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம். சலம் கடும் மஞ்சளாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. பலன் மிதமானதுதான், கெடுதல் மிகக் குறைவு. மக்னீசியமும் சிலருக்கு உதவும், வயிற்றைக் கலக்கும். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் பலருக்கு இருப்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியேற்றினின் இரத்தச் சோதனை பார்க்காமல் மக்னீசியம் விழுங்க வேண்டாம். சித்த வைத்தியமும் பார்க்கிறவர்கள் அங்கே என்ன குளிசை எடுக்கிறோம் என்பதையும் இங்கே என்ன சூரணம் எடுக்கிறோம் என்பதையும் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டால் போதும்.

எந்த மருந்தைத் தெரிவு செய்தாலும் அதைக் கெடுத்துவிடக்கூடிய ஒன்று கடையில் தொங்குகிறது. பனடோல், டைக்குளோபெனக், மெபனமிக் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவைக் குளிசைகளையும் ஒற்றைத் தலையிடி வந்த பிறகு எடுக்கிற திரிப்டான், எர்கோட்டமின் வகையையும் 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தால், அந்தக் குளிசைகளே தலையிடியை உண்டாக்கத் தொடங்கிவிடும். காலையில் எழும்பும்போதே தலை பாரம், பிளேன்ரீயோடு இரண்டு பனடோல், மத்தியானம் திரும்ப. இந்த நிலையில் புரோப்பிரனலோல் கேட்கவில்லை, அமிற்றிப்டிலின் கேட்கவில்லை என்று மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை, நோக்குளிசையைக் குறைப்பதும் தடுப்பு மருந்தைத் தொடங்குவதும் சேர்ந்து நடக்க வேண்டும். குறைக்கும் முதல் ஒன்றிரண்டு கிழமை தலையிடி கூடத்தான் செய்யும், டொக்டரிடம் அதற்கு ஒரு வழி கேட்டு வையுங்கள். டைக்குளோபெனக், மெபனமிக் இரண்டும் சிறுநீரகத்துக்கும் கூடாது, தண்ணீர் குறைவாகக் குடித்து வெயிலில் நிற்கிறவர்களுக்கு இன்னும் கூடாது.

பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் அமிற்றிப்டிலின், டொபிரமேற், வெறும் குளிசை மூன்றையும் ஒப்பிட்டு 2017 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை, பக்கவிளைவு மட்டும் மருந்து எடுத்தவர்களுக்கு அதிகம். ஓ.எல். படிக்கிற பிள்ளைக்குத் தலையிடி என்றால் குளிசைக்கு முதல், காலைச் சாப்பாடு இல்லாமல் ரியூசனுக்கு ஓடுவதையும் இரவு பன்னிரண்டு மணி வரை போனையும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கும் அதே. கந்தசஷ்டி உபவாசமும், வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரவு முழுக்க முழித்திருப்பதும் ஒற்றைத் தலையிடிக்காரருக்குத் தெரிந்த வினைதான். விடச் சொல்லவில்லை, தண்ணீரையாவது விடாமல் குடியுங்கள்.

தலையிலோ உடம்பிலோ செல் (எறிகணை) துண்டு இருக்கிறவர்களுக்கும் காயப்பட்ட பிறகு வருகிற தலையிடி பல வேளை ஒற்றைத் தலையிடி மாதிரியே இருக்கும், இதே மருந்துகளைத்தான் பார்ப்பார்கள். ஆனால் எம்.ஆர்.ஐ. எழுதினால், உள்ளே உலோகம் இருக்கிறது என்று யாரும் கேட்க முன்னமே சொல்ல வேண்டும். கண்ணுக்கு முன்னால் மின்னல் வெட்டுப் போல் தெரிந்த பிறகு தலையிடி வருகிற பெண்கள், ஈஸ்ட்ரஜன் உள்ள குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பதென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதைச் சொல்லுங்கள், பக்கவாதம் வரும் வாய்ப்புக் கூடும், வேறு முறை இருக்கிறது. திடீரென்று வாழ்க்கையில் வராத மாதிரி வெடித்து வருகிற தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, ஒரு பக்கம் கைகால் விழுவது, ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முதலாக வருவது, இவற்றில் எதுவாக இருந்தாலும் தடுப்பு மருந்தைப் பற்றி யோசிக்கிற நேரம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

தொடங்கிய மருந்து சரியா பிழையா என்று ஒரு மாதத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தேவையான அளவுக்குக் கூட்டி முடித்த பிறகு எட்டு முதல் பன்னிரண்டு கிழமை கொடுக்க வேண்டும். கடையில் தந்த சுவர்க் கலண்டரில் தலையிடி வந்த நாளுக்குப் புள்ளடி, பனடோல் எடுத்த நாளுக்குப் பக்கத்தில் எத்தனை என்று இலக்கம். கிளினிக் நாளில் அந்தத் தாளைக் கிழித்துக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோனால், வரிசையில் கிடைக்கிற நாலு நிமிசத்தில் டொக்டர் பார்க்க அது போதும். புள்ளடி பாதியாகக் குறைந்தால் அந்த மருந்து வேலை செய்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருந்தைச் சரியான அளவில் சரியான காலம் எடுத்தும் குறையவில்லை என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். குறைந்தவர்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து எடுத்துவிட்டு, டொக்டரோடு பேசி, சில கிழமையாகப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். அதையும் காலபோக அறுவடை நடுவில் செய்யாமல், வெயிலும் வேலையும் கொஞ்சம் தணிந்த மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.